யாருமற்ற கடற்கரை என்று ஒன்று உண்டா?

எங்கள் வாசிப்புக் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் 2024 நவம்பர் 21 அன்று, கார்த்திகை பிறந்த ஆறாம் நாள், சென்னையிலிருந்து மிதிவண்டியில் தன்னந்தனியாகப் புறப்பட்டார். கோடியக்கரை வரை போவது திட்டம். கேரியரின் இருபுறமும் இரண்டு பைகள், அவற்றின் மேல் சுருட்டிக் கட்டிய சிறு கூடாரம், ஓர் அடுப்பு, இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், அவ்வளவுதான் மூட்டை. விடுதிகளில் தங்குவதில்லை, இரவுகளைக் கடற்கரையிலேயே கழிப்பது என்று தமக்குத் தாமே ஒரு விரதமும் வைத்துக்கொண்டார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்படியொரு பயணம் தேவையா என்று எங்களில் சிலர் கேட்டோம். “சித்திரையில் போனால் கடலை மட்டும் பார்க்கலாம், கார்த்திகையில் போனால் வானத்தையும் பார்க்கலாம்” என்றார். மறுமொழி சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு மாதத்தில் பயணக் கட்டுரை எழுதி எங்கள் பார்வைக்கு அனுப்பினார். நல்ல கட்டுரை, நடையும் தெளிவு. ஆனால் அதில் நான்கு இடங்களில் வந்த ஒரு சொற்றொடர் எங்களை நிறுத்திவிட்டது: ‘யாருமற்ற கடற்கரை’. அந்தச் சொற்றொடர் நிற்கலாமா, நீங்க வேண்டுமா என்று எங்களுக்குள் நடந்த வாதத்தின் விளைவே இக்கட்டுரை. நண்பரின் இசைவோடுதான் எழுதுகிறோம். பெயரைச் சொல்லாமல் விடுவதும் அவர் விருப்பமே.

முதலில் வழியைப் பற்றிச் சில சொற்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயரே தவிர, அச்சாலையில் கடல் கண்ணில் படும் இடங்கள் குறைவு. சென்னையை ஒட்டிய பகுதியில் மாளிகைகளின் மதில்களும் உல்லாச விடுதிகளின் வாயில்களும் கடலை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. மாமல்லபுரம் தாண்டிய பிறகு மூச்சு விடலாம். மரக்காணத்து உப்பளங்கள் மழைக்காலத்தில் வேலை ஒழிந்து வெறும் நீர்ப்பாத்திகளாகக் கிடக்கும். புதுச்சேரிக்குத் தெற்கே ஆறுகள் குறுக்கிடத் தொடங்கும். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என ஒவ்வொன்றும் பாலம் தேடிச் சாலையை மேற்கே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கடலோரம் உறங்க விரும்புகிறவர், பொழுது சாயுமுன் சாலையை விட்டுக் கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் கிளைவழியில் போயாக வேண்டும். அந்தக் கிளைவழி ஏதாவதோர் ஊரில் போய்த்தான் முடியும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. அதில் இருக்கும் மீனவ ஊர்கள் ஏறத்தாழ 600. கணக்குப் போட்டால் இரண்டு கிலோமீட்டருக்குள் ஓர் ஊர். இக்கணக்கே எங்கள் வாதத்தின் முதற்படி.

நண்பரின் முதல் நான்கு நாட்கள் இனிதாகவே கழிந்தன. நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் எளிதாக ஓட்டினாராம். தம் கால்களின் வலிமையை வியந்து அவர் எழுதியிருந்த பத்தியை நாங்கள் புன்னகையோடு படித்தோம். அந்தப் பருவத்தில் காற்று வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வீசும்; தெற்கே போகிறவருக்கு அது முதுகில் வைத்த கை. வாடையின் உழைப்பில் பாதியை நண்பர் தம் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். பயணக் கட்டுரைகளில் இது அடிக்கடி நடப்பதுதான். பின்னால் நின்று தள்ளுகிறவர் கண்ணில் படுவதில்லை.

நவம்பர் 25 மாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரின் ஓரமாகக் கடற்கரைக்கு வந்தார். ஊர் சற்று உள்ளே தள்ளி இருந்தது. கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. மணலில் பாதி புதைந்த சிமெண்டுத் தரை ஒன்று கண்ணில் பட்டது. மணலில் கூடார முளைகள் நிற்காது. சிறு பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றோடு புதைத்தால்தான் நிற்கும். அந்த வேலை மிச்சம் என்று, தரையின் உடைந்த விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் கயிற்றைக் கட்டிக் கூடாரத்தை எழுப்பினார். அன்றைய குறிப்பில் முதல் வரி: ‘யாருமற்ற கடற்கரை, நானும் கடலும் மட்டும்.’

இருட்டும் நேரத்தில் முதியவர் ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். எந்த ஊர், சாப்பிட்டாயிற்றா என்ற இரண்டு கேள்விகளும் முடிந்தபின் சொன்னார்: “தம்பி, இங்க படுக்கக் கூடாது. மழை புடிச்சா விடியறதுக்குள்ள வாய் தொறந்துக்கும்.”

வாய் என்றால் முகத்துவாரம். கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வடிகால் வாய்க்கால் கடலில் சேரும் இடம் இருந்தது. வேனிலில் மணல் சேர்ந்து மூடிக்கொண்டிருந்ததால் நண்பருக்கு அது வாய்க்காலாகவே தெரியவில்லை. அவர் கைபேசியை எடுத்து, அன்றிரவு பெருமழைக்கு வாய்ப்பில்லை என்று காட்டியிருக்கிறார். முதியவர் அதை வாங்கிப் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது இங்க பெய்யிற மழைக்குச் சொல்லுது தம்பி. மேக்க பெஞ்ச தண்ணியும் இங்கதான வரணும்.”

வலை பின்னும் கூடத்தில் படுக்க இடம் கிடைத்தது. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. முற்பகலுக்குள் வாய்க்கால் நீர் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. கூடாரம் இருந்த இடத்தில் இடுப்பளவு நீர் ஓடியது.

இந்நிகழ்ச்சியை நண்பர் மறைக்கவில்லை. தம் அறியாமையை நகைத்தே எழுதியிருந்தார். எங்களுக்கு உறுத்தியது வேறொன்று. அந்தச் சிமெண்டுத் தரை எதுவென்று அவர் கேட்கவே இல்லை. தரை என்று எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டார். நாங்கள் கேட்ட பிறகு, அந்த ஊரில் பழக்கமான இளைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அது ஒரு வீட்டின் தரை. 2004 டிசம்பர் 26 வரை அங்கே வீடு இருந்தது.

ஆழிப்பேரலை தமிழகத்தில் மிகுந்த உயிர்களைக் கொண்டுபோனது நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். அங்கு மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின்னர்ப் பல ஊர்களில் மக்கள் கரையை விட்டு உள்ளே கட்டித் தரப்பட்ட குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தனர். கரையில் படகும் வலையும் ஏலக்கூடமும் எஞ்சின. ஆகவே இன்று அக்கரையில் ஓர் அந்திப்பொழுதில் யாரும் இல்லையென்றால், அது இயற்கையின் தனிமை அன்று. அங்கே இருந்தவர்கள் இறந்துபோனார்கள், அல்லது அஞ்சி விலகினார்கள், அல்லது விலக்கி வைக்கப்பட்டார்கள். அதை ‘யாருமற்ற’ என்று எழுதுவது பிழையான செய்தி என்பதோடு, ஒருவகையில் இழைத்த தீங்கும் ஆகும் என்பது எங்கள் எண்ணம். வெறிச்சோடிய இடம் எல்லாம் எவருக்கும் உரியதன்று என்று எண்ணுகிற கண்தான், சென்னைக்குத் தெற்கே மதில் எழுப்பிய கண்ணும். நண்பர் மதில் எழுப்பவில்லை, கூடாரந்தான் எழுப்பினார். ஆயினும் சொல் ஒன்றுதான்.

நண்பர் அவ்வூரில் ஓரிரவு தங்கிப் போக எண்ணியிருந்தார். ஆறு இரவுகள் தங்கினார். அந்த வாரத்து வானிலையைச் செய்திகளில் பின்தொடர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானது, 27-ஆம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. ஆகாது என்றும் ஒரு கட்டத்தில் சொன்னார்கள். 29-ஆம் தேதி ‘ஃபெஞ்சல்’ என்ற பெயரோடு புயலாயிற்று. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, அந்நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. வானிலையாளர்களைக் குறை சொல்லும் நோக்கம் எங்களுக்கு இல்லை. நிலைகொள்ளாத வானம் என்பதற்கு அந்த வாரமே இலக்கணம்.

அந்த நாட்களைப் பற்றி நண்பர் எழுதிய பகுதிதான் கட்டுரையின் உயிர். மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. படகுகளை மேடேற்றிக் கட்டினார்கள். எல்லார் கையிலும் கைபேசி இருந்தது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்ற பேச்சும் இருந்தது. அறிவியலை ஒதுக்கிவிட்டுப் பாட்டன் அறிவில் வாழ்கிறவர்கள் என்று அவர்களைப் பற்றிக் கதை கட்ட வேண்டியதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். கைபேசி சொல்வது வங்கக் கடலுக்கு. காற்று சொல்வது தம் ஊருக்கு.

30-ஆம் தேதி காற்று திரும்பியதை நண்பர் அங்குதான் கண்டார். ஒரு வாரமாகக் கடலிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று, கரையிலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் முகம் தெளிந்தது. இதன் காரணம் எளிதுதான். நம் பக்கத்துக் கடலில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசுகிறது. கிழக்குக் கரையில் ஏறும் புயலுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து வரும், கடல்நீரையும் உந்திக்கொண்டு. தெற்கே இருப்பவர்களுக்கு அது மேற்கிலிருந்து வரும். மேல்காற்று வந்தால் மையம் வடக்கே ஒதுங்கிவிட்டது என்று பொருள். பாடநூலில் ஒரு படத்தோடு விளக்கப்படும் இச்செய்தியை அவர்கள் முகத்தில் படும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதே இரவு வடக்கே புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் வீடுகளுக்குள் நீர் புகுந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று ‘கஜா’ நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறியபோது, தென்னையும் சவுக்கும் முறிந்தது இவர்கள் பக்கம்.

இங்கே எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். தனிப்பயணம் என்பதை நாம் இப்போது தன்னிறைவு என்று பொருள் கொள்கிறோம். வீட்டைச் சுருட்டிக் கேரியரில் கட்டிக்கொண்டால் எவர் தயவும் வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. வானம் நன்றாக இருக்கும்வரை இந்த நம்பிக்கைக்குக் குறைவில்லை. வானம் குழம்பியதும் தெரியவருவது என்னவென்றால், கூட்டத்தோடு போகிறவரைவிடத் தனியே போகிறவருக்கே பிறர் துணை மிகுதியாக வேண்டும். கூட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். தனியாளுக்கு வழியில் வாய்க்கும் ஊர்தான் கூட்டம்.

நம் நாட்டுப் பழைய வழிப்போக்கர்கள் இதை அறிந்திருந்தார்கள். இதே கரையோரமாகத்தான் சேதுவுக்குப் போகும் யாத்திரிகர்கள் நடந்தார்கள். தஞ்சை மராட்டிய அரசர்கள் அவ்வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரம் இல்லாத ஊரில் திண்ணை இருந்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று தஞ்சை கலெக்டர் ஆணையிட்டார். மக்கள் மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பார்கள். நடப்பவனை நிறுத்த வேண்டுமென்றால் அவனைத் தாங்கும் ஊர்களை நிறுத்த வேண்டும் என்பது அந்த ஆங்கிலேய அதிகாரிக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம் காலத்துத் தனிப்பயணிகள் சிலருக்கு அது தெரியவில்லை.

இதற்கு எங்கள் குழுவிலேயே எதிர்ப்பு வந்தது. அதையும் பதிவு செய்கிறோம். ஒருவர் சொன்னார்: விருந்தோம்பல் என்று அழகாகச் சொல்கிறீர்கள், புயல் வாரத்தில் ஐந்து நாள் கடலுக்குப் போகாத வீடுகளில் வருமானம் இல்லை, அப்போது நகரத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஆறு நாள் சோறு போடுவது அவர்களுக்குச் சுமையன்றி வேறென்ன? பொழுதுபோக்குக்காக ஆபத்தைத் தேடிப் போவது, பிறகு அதன் செலவை ஏழைகள் தலையில் ஏற்றுவது. இதில் உண்மை இருக்கிறது; மறுக்க மாட்டோம். நண்பர் பணம் கொடுக்க முயன்றபோது வாங்க மறுத்திருக்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் அவ்வூரில் பல இருந்தன, உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்து. மழைக்கிடையில் ஒன்பது வண்டிகளைச் சீர் செய்து கொடுத்தாராம். கடன் அதனால் தீராது. ஆனால் கடன் இருக்கிறது என்று அறிந்தவன் செய்யும் காரியம் அது.

இரண்டாவது கேள்வி எங்கள் தோழி ஒருவருடையது. எங்களால் விடை சொல்ல முடியாத கேள்வி. நான் போயிருந்தால்? என்றார். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-இல் தனியே மிதிவண்டியில் இந்தியா வரை வந்தார். அவரிடமும் கைத்துப்பாக்கி இருந்தது. நம் கரையில் ஒரு பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதாக இராது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதாகவே இருக்கும் என்றார் தோழி. அதோடு நிறுத்தவில்லை. “ஆனால் என்னை வலைக்கூடத்தில் படுக்க வைத்திருக்க மாட்டார்கள், வீட்டுக்குள் அழைத்திருப்பார்கள். நம் நண்பர் ஆறு நாள் சாப்பிட்ட சோற்றை ஆக்கியவர்களில் ஒருவர்கூட அவர் கட்டுரையில் வாய் திறந்து பேசவில்லையே, கவனித்தீர்களா?” நாங்கள் கவனித்திருக்கவில்லை. மீன் விற்கக் கூடையோடு பேருந்து ஏறும் பெண்களுக்கு அந்த வாரம் எப்படிக் கழிந்தது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. யாருமற்ற என்ற சொல்லை நாங்கள் கடற்கரையில் தேடிக்கொண்டிருந்தோம். அது அடுப்படியிலும் இருந்தது.

ஆகவே பருவகாலத்தில் கடலோரமாகத் தனியே மிதிவண்டியில் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போகலாம், போக வேண்டும் என்றே சொல்வோம். ஆனால் ஊரைக் கேட்டுவிட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். பொழுது சாயுமுன் ஊருக்குள் போய்ப் பஞ்சாயத்தாரையோ தேநீர்க் கடைக்காரரையோ கண்டு, இன்ன இடத்தில் படுக்கலாமா என்று கேட்பதற்கு அரைமணி நேரம் போதும். அலை ஏறும் எல்லை எது, வாய்க்கால் திறக்கும் இடம் எது, வலை காயும் இடம் எது என்று அவர்கள் சொல்வார்கள். சவுக்குத் தோப்பு காற்றை மறைக்கும் என்று நம்பி உள்ளே போய்ப் படுக்காதே, கிளை விழும் என்பதையும் சொல்வார்கள். தை பிறந்தபின் போகிறவர்கள் விளக்கை அணைத்து வைக்க வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. புயல் என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு, அந்த ஊருக்கு இடைஞ்சலாகுமுன் பேருந்து பிடித்துவிடுவதே முறை. பேருந்தும் நின்றுவிட்டால் விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வாதம் ஒரு சொற்றொடருக்காகவா என்று கேட்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்தானே தொழில்? காவிரியின் வழியே போன சிட்டியும் தி. ஜானகிராமனும் 1971-இல் ‘நடந்தாய் வாழி காவேரி’யைத் தந்தார்கள். தென்கோடிக் கடற்கரைக்கு வண்ணநிலவனும் தோப்பில் முகமது மீரானும் ஜோ டி குரூஸும் நாவல்கள் தந்தார்கள். சோழமண்டலக் கரை நெடுக மெதுவாகப் போய், ஊர் ஊராக உட்கார்ந்து கேட்டு எழுதிய பயணநூல் எங்கள் வாசிப்பில் இன்னும் எதிர்ப்படவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில், நம் பயணக் கட்டுரைகள் ‘சில்லென்ற காற்று’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அப்பெயர்களின் பொருள் ஊருக்கு ஊர் சற்று நகரும். அந்த நகர்வைக் குறித்துக்கொள்ள மிதிவண்டியின் வேகமே ஏற்றது. மகிழுந்தில் போகிறவருக்குக் காற்று கண்ணாடிக்கு வெளியே.

நண்பர் டிசம்பர் 1 அன்று அவ்வூரை விட்டுப் புறப்பட்டு, இருபுறமும் நீரில் மூழ்கிக் கிடந்த சம்பா வயல்களுக்கு நடுவே ஓட்டி, மாலையில் கோடியக்கரை சேர்ந்தார். தெற்கே ஓடிவந்த கரை அங்கே மேற்கு நோக்கித் திரும்புகிறது. அந்த இடத்தைப் பற்றி அவர் எழுதிய கடைசிப் பத்தியிலும் ‘யாருமற்ற’ இருந்தது. வாதம் முடிந்தபின் நான்கு இடங்களில் மூன்றில் அதை அடித்துவிட்டார். நாகைக்குத் தெற்கே வரும் இடத்தில் மட்டும் அடிக்க மாட்டேன் என்றார். அன்று அப்படித்தான் எழுதினேன், எழுதியது இருக்கட்டும் என்று சொல்லி, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: கூடாரம் கட்டியது ஒரு வீட்டின் தரையில் என்று. அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றி விசாரிக்க வரும் கார்த்திகையில் மறுபடி போகப் போகிறாராம். இம்முறை தோழியும் தனியே, வேறொரு நாளில், அதே வழியில் புறப்படுவதாக இருக்கிறார். இரண்டு கட்டுரைகளும் வந்தபின் இவ்வாதத்தைத் தொடர்வோம்.